சீழ்க்கைக்கு வந்த மீன்

பல்லேகலையில் எமது இல்லத்திற்கு அணித்தாக வாழும் மாணவன் ஒருவன், பாடசாலை அறிவியல் விழாவுக்கென்று தான் எழுதிய கட்டுரையைப் பிழைதிருத்தித் தருமாறு ஒரு மாலை என்னிடம் கொண்டுவந்தான். அவன் தந்தையார் அழகுமீன் வளர்த்து விற்பவர். வீட்டின் பின்புறத்தே கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருக்கும். தொட்டியொன்றின் அருகே வானொலிப் பெட்டியை வைத்து நாள்தோறும் வீணையிசை கேட்கச் செய்தால் மீன்கள் விரைந்து பருக்கும் என்பது அக்கட்டுரையின் முடிபு. அம்முடிபை நம்பி, இசை கேட்டு வளர்ந்த மீன் என்று கடையிற் பலகை எழுதி மாட்டவும், விலையைச் சிறிது கூட்டவும் தந்தையார் எண்ணியிருந்தார். ஒற்றுப் பிழைகளையும் ஒருமை பன்மை மயக்கத்தையும் களைய எனக்கு அரைமணி நேரம் போதுமாயிருந்தது. மீன் இசையைக் கேட்கும் என்ற முதல் வரியில் மாத்திரம் பேனா நின்றுவிட்டது. அது பிழையா சரியா என்பது நன்னூல் கற்றவனுக்குத் தெரிகின்ற செய்தி அன்று.

நம் நூல்களில் இசைக்கு வயப்படும் உயிர்கள் பல உள. அசுணம் என்னும் விலங்கு யாழொலியில் மயங்கிப் பறையொலியில் மாயும் என்பது சங்கச் சான்றோர் கொண்ட வழக்கு. ஆனாய நாயனாரின் குழலிசையில் ஆவும் மானும் மயிலும் தம்மை மறந்து நின்றதைச் சேக்கிழார் விரித்துரைப்பர். மீன் பாடும் என்பதற்கோ நம் நாட்டிலேயே மட்டக்களப்பு வாவி இருக்கின்றது. அவ்வொலியை 1848 ஆம் ஆண்டில் கேட்டறிந்த எமர்சன் டெனன்ற் துரை தமது இலங்கை நூலிற் குறித்துவைத்தார். யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளும் அதனைப் பாட்டாக்கினார். எனினும் மீன் பாடுவது வேறு, மீன் கேட்பது வேறு. கண்டி வாவிக் கரையில் தலதா மாளிகையின் முழவொலி நாள்தோறும் எழுகின்றது. வாவியில் உலாவும் மீன்கள் அதனைக் கேட்கின்றனவா என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இவ்வினாவை எண்ணியதோடு அமையாது, அதற்கு விடையுங் கண்ட ஒருவரின் வரலாற்றை அந்த மாணவன் பொருட்டுப் படிக்க நேர்ந்தது. அவர் பெயர் கார்ல் வொன் பிரிஷ். தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்தவர் என்று உலகம் அவரைப் போற்றும். மீனின் செவியைக் கண்டவர் என்ற புகழ் அத்துணைப் பரவவில்லை.

பிரிஷ் 1886 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள் ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்தார். தந்தையார் அன்ரன் வொன் பிரிஷ், பெயர்பெற்ற அறுவை மருத்துவர். தாயார் மரியா, எக்ஸ்னர் என்னும் கல்விக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய்மாமன்மாருள் ஒருவரான சிக்மன்ட் எக்ஸ்னர், பூச்சிகளின் கூட்டுக் கண்ணை ஆராய்ந்து புகழ்பெற்ற உடற்றொழிலியல் அறிஞர். கோடை விடுமுறைகளை அக்குடும்பம் வொல்ப்காங் ஏரிக்கரையிலுள்ள புரூன்விங்கில் என்னும் சிற்றூரிலே கழித்தது. அங்கே பழைய ஆலைவீடொன்று அவர்களுடையதாயிருந்தது. சிறுவன் கார்ல் ஏரிக்கரைக் கற்களிடையே குப்புறப் படுத்து, நீரில் அசையும் சிற்றுயிர்களை மணிக்கணக்காகப் பார்த்திருப்பான். வீட்டிலும் பறவை, பல்லி, மீன் என்று பலவற்றை வளர்த்தான். கிளியொன்று பல்லாண்டு காலம் அவனுடைய தோளிலும் மேசையிலும் வாழ்ந்தது. பிள்ளை பாடநூலைப் பாராது தொட்டியைப் பார்க்கின்றான் என்று தாயார் கடிந்திருந்தால், உலகம் ஓர் அறிஞரை இழந்திருக்கும். அம்மையார் கடியவில்லை.

தந்தையாரின் விருப்பப்படி வியன்னாவில் மருத்துவம் பயிலத் தொடங்கிய இளைஞர் பின்னர் அதனை விடுத்து விலங்கியலுக்கு மாறினார். மியூனிச் நகரில் றிச்சாட் ஹேர்ட்விக் என்னும் பேராசிரியரிடத்தே பயின்று, 1910 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். எல்றிற்சே என்று ஜேர்மானியர் அழைக்கும் சிறு நன்னீர் மீன் தரையின் நிறத்திற்கேற்பத் தன் மேனி நிறத்தை மாற்றும் வகையை அவர் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே அவரை முதற் பூசலுக்கு இழுத்துச் சென்றது. அக்காலத்தில் மியூனிச் கண்மருத்துவத் துறையில் முடிசூடா மன்னராக விளங்கிய கார்ல் வொன் ஹெஸ் என்பவர், மீனும் பூச்சியும் நிறம் அறியா என்று அறுதியிட்டிருந்தார். இருபதின் வயதுகளிலிருந்த பிரிஷ் அதனை மறுத்தார். குறித்த நிறத்திற்கு வந்தால் உணவு உண்டு என்று மீன்களைப் பழக்கி, அந்நிறத்தைப் பலவகைச் சாம்பல் நிறங்களுக்கிடையே மறைத்து வைத்தார். மீன்கள் பிழையாது நிறத்தையே நாடின. 1914 ஆம் ஆண்டளவில் தேனீக்களும் நிறம் அறியும் என்று நிறுவினார். ஹெஸ் ஈறுவரை இசைந்தாரில்லை. பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒன்று மெய்யாகிவிடாது என்பதை இளமையிலேயே கற்றுக்கொண்ட பிரிஷுக்கு, அடுத்த வழக்கு அதனினும் பெரிதாக வந்தது.

இடையிலே முதலாம் உலகப் போர் வந்தது. கண்பார்வைக் குறையினாற் படைக்குச் செல்லாத பிரிஷ், வியன்னாவில் தமையனார் பொறுப்பிலிருந்த மருத்துவமனையில் நோய்க்கிருமிகளை ஆராயும் பணி புரிந்தார். அங்கே தாதியாகத் தொண்டாற்றிய மார்கரேத் மோர் என்னும் நங்கையை 1917 ஆம் ஆண்டில் மணந்தார். போர் ஓய்ந்தபின் 1921 ஆம் ஆண்டில் ரொஸ்டொக் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது.

மீன் கேட்குமா என்பது அறிஞர் உலகில் நெடுநாள் தீராதிருந்த வழக்கு. மீனுக்குப் புறச்செவி இல்லை, செவித்துளை இல்லை, செவிப்பறையும் இல்லை. தலையோட்டினுள் உட்செவி உண்டு எனினும், அது உடலை நிமிர்த்திப் பிடிக்கும் சமநிலை உறுப்பேயன்றிக் கேள்வி உறுப்பன்று எனப் பலரும் கருதினர். ஒஸ்திரியாவிலே கிறெம்ஸ்மியூன்ஸ்ரர் என்னும் பழைய மடத்தின் குளத்தில் மணி அடித்தவுடன் மீன்கள் உணவுக்குத் திரண்டு வருவதுண்டு. மீன் கேட்கும் என்பதற்கு அதனையே சான்றாகப் பலர் காட்டினர். வியன்னாவின் கிறைடல் என்னும் அறிஞர் 1890களில் அங்குச் சென்று பார்த்தார். மணி அடிப்பவர் மீனின் கண்ணிற் படாது மறைந்து நின்று அடித்தபோது மீன்கள் வரவில்லை. மணியே அடியாது ஒருவர் கரைக்கு வந்தபோது அவை வந்தன. ஆகவே அவற்றை அழைத்தவை ஆளின் உருவமும் காலடி அதிர்வுமே; மணியோசையன்று. கண்டி வாவியில் பொரியும் பாணும் இடுவோரின் நிழல் கண்டு மீன் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாயிராது. கிறைடலின் ஆராய்ச்சிக்குப் பின், மீன் செவிடு என்ற கொள்கை வலுப்பெற்றது. அக்கொள்கையை உறுதியாகப் பற்றி நின்றவருள் ஒருவர் ஒட்டோ கேர்னர். புகழ்பெற்ற செவிநோய் மருத்துவர். மீன்கள் பலவற்றுக்கு ஒலி எழுப்பிக் காட்டி, ஒன்றேனும் அசையாமை கண்டு எழுதியவர். அவர் வாழ்ந்ததும் அதே ரொஸ்டொக் நகரிலேதான்.

இங்கேதான் பிரிஷின் நுண்ணறிவு வெளிப்பட்டது. ஒலி கேட்டும் மீன் அசையவில்லை என்றால், அது கேட்கவில்லை என்பது பொருளாகாது. அவ்வொலியால் அதற்கு ஆவதொன்றுமில்லை என்பதும் பொருளாகலாம். வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை நம் சொல்லுக்குத் திரும்பாவிடின், அவன் செவிடன் என்று எந்த ஆசிரியரும் முடிவுகட்டார். ஒலிக்குப் பயன் உண்டு என்று மீனுக்கு முதலிற் கற்பித்தல் வேண்டும். அதன் பின்னரே அதனைச் சோதித்தல் வேண்டும்.

இதற்கென அவர் தேர்ந்தது வட அமெரிக்காவினின்றும் வந்த சிறு கெளிற்றினம். தொட்டியில் ஒரு மண்குழாயை இட்டார். பகலெல்லாம் அதனுள் ஒடுங்கியிருப்பது அம்மீனின் இயல்பு. ஆளின் உருவங்கண்டு வந்தது என்று எவரும் சொல்லாதபடி அதன் கண்களை அகற்றினார். சைவ மரபில் வளர்ந்த எனக்கு அந்தப் பக்கத்தை விரைந்து கடக்க முடியவில்லை. வாயற்ற ஓருயிரின் ஒளியை எடுத்துத்தான் உண்மை அறியப்படவேண்டுமா என்ற வினாவுக்கு இன்றும் எல்லாரும் ஒருமித்த விடை தந்தாரில்லை. அக்கண்கள் இருந்திருப்பின், கிறைடல் மடத்துக் குளத்திற் கண்ட ஐயமே இங்கும் எழுந்திருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொல்லிவைப்பதே நேர்மை.

சாவர் என்பது பவாரிய நாட்டில் வழங்கும் ஒரு பெயர். அதன் செல்லச் சுருக்கமாகிய சாவேர்ல் என்பதை அம்மீனுக்கு இட்டனர். நாள்தோறும் பிரிஷ் தொட்டியருகே வந்து வாயாற் சீழ்க்கை அடிப்பார். உடனே ஒரு கோலின் நுனியில் இறைச்சித் துண்டைக் குழாய் வாயிலில் நீட்டுவார். சில நாட்கள் சென்றன. ஒருநாள் அவர் சீழ்க்கை மாத்திரம் அடித்தார், இறைச்சியை நீட்டவில்லை. குருட்டு மீன் குழாயை விட்டு வெளியே வந்து உணவைத் தேடிற்று. அதன் பின்னர் எத்தனை முறை சீழ்க்கை அடிப்பினும் அது வந்தது. செவிமருத்துவர் கேர்னரை அழைத்து இதனைக் காட்டினார் பிரிஷ். மூத்த அறிஞர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, சீழ்க்கைக்கு மீன் வருகின்றது என்பதில் ஐயமில்லை என்று ஒப்புக்கொண்டார். ஹெஸ் பிடிவாதம் பிடித்த இடத்திலே கேர்னர் தலைவணங்கினார். தம் வாழ்நாட் கொள்கை கண்முன்னே கவிழ்வதைக் கண்டும் அதனை ஏற்றுக்கொண்ட அவருடைய பண்பை, மீன் கேட்டதினும் அரிதாகவே நான் மதிக்கின்றேன்.

இந்த ஆராய்ச்சி 1923 ஆம் ஆண்டில் அச்சேறியது. சீழ்க்கை அடித்தால் வரும் கெளிறு என்பதே கட்டுரையின் பெயர். அந்த ஆண்டிலேயே பிரெஸ்லோ பல்கலைக்கழகத்துக்கும், 1925 இல் மியூனிச்சுக்கும் பிரிஷ் பெயர்ந்தார். தொடர்ந்து ஸ்டெற்றர் முதலிய மாணவர்கள் எல்றிற்சே மீன்களை வெவ்வேறு சுருதிகளுக்குப் பழக்கினர். ஒரு சுருதிக்கு உணவு, மற்றொன்றுக்குச் சிறு தண்டனை என்று பயிற்றியபோது, மீன்கள் அவற்றைப் பிரித்தறிந்தன. உட்செவியின் மேற்பகுதி சமநிலைக்கும் கீழ்ப்பகுதி கேள்விக்கும் உரியன என்பதும் தெளிவாயிற்று.

இதனைச் சிறிது விளக்குதல் நன்று. வளியில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும்; நீரிலோ ஏறத்தாழ 1,500 மீற்றர். ஆயினும் வளியிற் பிறந்த ஒலி நீரின் மேற்பரப்பிலே பெரிதும் திருப்பப்பட்டுவிடும். ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே உள்ளே புகும். சாவேர்லின் செவிக்கு எட்டியது அத்துணைச் சிறிய எச்சமே. அதனை எப்படி அது பற்றியது? மீனின் உடலும் நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியன ஆதலின் ஒலி உடலினூடே தடையின்றிச் செல்லும். காற்று நிறைந்த நீச்சற்பை ஒன்றே அவ்வொலியால் வலிதாக அதிரும். கெளிறு, கெண்டை, தங்கமீன் முதலிய இனங்களில் அந்தப் பையை உட்செவியோடு இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் ஒன்று இருபுறமும் உண்டு. வெபர் என்னும் அறிஞர் 1820 ஆம் ஆண்டிலேயே அவ்வெலும்புகளை விரித்துரைத்தார். நூறாண்டுக்குப் பின் சீழ்க்கையொன்று அவற்றின் தொழிலுக்குச் சான்று தந்தது. இத்தொடர் இல்லாத மீன்களும் கேட்கும். அத்துணை நுட்பமாகக் கேளா.

மியூனிச்சில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியாற் புதிய விலங்கியற் கழகம் எழுந்தது. பிரிஷின் வாழ்வு உச்சியில் நின்ற அக்காலத்திலேதான் ஹிற்லரின் ஆட்சி வந்தது. அரசுப் பணியாளர் யாவரும் தம் குலவழியைச் சான்று காட்டவேண்டும் என்று சட்டம் பிறந்தது. பிரிஷின் தாய்வழிப் பாட்டியார் யூத குலத்தில் தோன்றியவர். யூதர்க்கு ஆய்வுக்கூடத்தில் இடமளித்தார் என்ற பழியும் அவர்மீது சுமத்தப்பட்டது. உடன் பணிபுரிந்தோர் சிலரே அவருக்கெதிராக முறையிட்டனர். 1941 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர் காற்பங்கு யூதர் என்றும் பதவியினின்றும் விலக்கப்படுவார் என்றும் கல்வி அமைச்சு அறிவித்தது. முப்பதாண்டு உழைப்பும், மாணவரும், ஆய்வுக்கூடமும் ஒரு கடிதத்தில் அழியவிருந்தன.

அவரைக் காத்தது ஒரு கொள்ளைநோய். நொசீமா என்னும் நுண்ணுயிரி தேனீக்களின் குடலைப் பற்றி அந்த ஆண்டுகளில் பல்லாயிரக் கணக்கான கூடுகளை அழித்தது. தேனீ அழிந்தாற் பழமரமும் பயிரும் காய்ப்புக் குன்றும். போர்க்காலத்திலே உணவு குன்றினால் ஆட்சிக்கே இடர். தேனீயை அறிந்தவர் பிரிஷை அன்றி யாருளர்? நண்பர்களும் அறிஞரும் இதனை எடுத்துரைக்க, உணவு அமைச்சு அவருக்கு அப்பணியை அளித்தது. பதவி நீக்கம் போர் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது. அவர் மனிதர் என்பதற்காக அன்று, தேனீக்குப் பயன்படுவார் என்பதற்காகவே விடப்பட்டார். 1944 ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அவருடைய கழகம் இடிந்தது. புரூன்விங்கிலுக்குச் சென்று, இளமைக்காலத்து ஆலைவீட்டின் அருகே அவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். தேனீ ஆடும் நடனத்தின் சாய்வு ஞாயிற்றை நோக்கிய திசையையும், அதன் கதி உணவின் தொலைவையும் குறிக்கும் என்ற பெருங்கண்டுபிடிப்பு அந்த நாட்களிலேயே விளைந்தது.

போருக்குப் பின் 1946 இல் கிராஸ் நகரிலும் 1950 முதல் மீண்டும் மியூனிச்சிலும் பேராசிரியராயிருந்து, 1958 இல் ஓய்வுபெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கே வந்து நம் நாட்டுத் தேனீக்களின் நடனங்களை ஆராய்ந்தார். அவற்றுள் கொம்பிலே சிறு கூடு கட்டும் ஈ, மேற்பரப்பில் திறந்த வெளியிலேயே ஆடுவதைக் கண்டு, நடனத்தின் பழைய வடிவம் இதுவென உய்த்துணர்ந்தார். மேலை நாட்டு வினாவொன்றுக்கு நம் தோட்டத்துக் கொம்பில் விடை இருந்தது. 1973 ஆம் ஆண்டில் லோரன்ஸ், ரின்பேர்கன் என்னும் இருவரோடு நோபல் பரிசு பிரிஷுக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 87. 1982 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் மியூனிச்சில் மறைந்தார்.

இவற்றையெல்லாம் மாணவனுக்குச் சொன்னேன். மீன் கேட்கும் என்ற அவன் முதல் வரி பிழையன்று என்றதும் அவன் முகம் மலர்ந்தது. ஆனால் முடிபுரை நின்றபாடில்லை. சாவேர்ல் வந்தது சீழ்க்கையின் இனிமைக்காகவன்று; இறைச்சிக்காக. உன் மீன்கள் பருத்தது வீணைக்கா, வீணை கேட்கும் வேளையிலே நீ கூடுதலாக இட்ட உணவுக்கா என்று கேட்டேன். இசைத்தொட்டி அடுக்களைச் சுவரோரம் இருந்தது. மற்றைத் தொட்டி வெளியிலே பனிபடும் இடத்தில் இருந்தது. நீரின் வெம்மை மீனின் பசியையும் வளர்ச்சியையும் மாற்றும் என்பது அவன் தந்தையாரே அறிந்தது.

பிரிஷ் மறைந்தபின் இத்துறை வளர்ந்துள்ளது. ஏதென்ஸ் நகர் வேளாண் பல்கலைக்கழகத்தார் கெண்டை மீன்களுக்கு மொசாட்டின் இசையைக் கேட்கச் செய்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சில ஒளிநிலைகளில் வளர்ச்சி மேம்பட்டது என்றனர். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் பண்ணைத் தொட்டிகளின் இரைச்சலில் மீன்களை மாதக்கணக்காக வளர்த்துப் பார்த்து, வளர்ச்சியில் நிலைத்த வேறுபாடு காணாதொழிந்தனர். 1973 இல் வந்த பழைய ஆய்வொன்றிலோ, இரைச்சல் மிகுந்த தொட்டியின் குஞ்சுகள் குறைவாகவே வளர்ந்தன. தங்கமீனைப் பேரிரைச்சலில் வைத்தால் அதன் கேள்வித்திறன் சில நாட்களுக்கு மழுங்கும் என்பதும் 2004 ஆம் ஆண்டளவிற் காட்டப்பட்டது. நீரேற்றும் இயந்திரமே தொட்டிக்குள் ஓயாது முரசறைந்து கொண்டிருக்க, மேலே ஒலிக்கும் வீணை எவ்வளவு புகும் என்பது தனி வினா.

அவன் கட்டுரையை விழாவுக்குக் கொடுக்கவில்லை. தந்தையாரிடம் இரண்டு ஒத்த தொட்டிகளைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே சுவரோரம் வைத்தான். ஒரு குஞ்சுத்தொகையைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து இட்டான். உணவை நிறுத்து அளப்பதற்கென நகைக்கடைத் தராசொன்று வாங்கித் தந்தது மாத்திரம் என் பங்கு. ஒரு தொட்டிக்கு வீணை, மற்றதற்கு இல்லை. எது எதுவென்று தெரியாத தங்கை கிழமைக்கொரு முறை மீன்களை நிறுத்துக் குறிக்கின்றாள். தந்தையார் எழுதுவித்த பலகை வர்ணம் உலர்ந்து கதவுக்குப் பின்னே சுவரை நோக்கிச் சாத்தப்பட்டிருக்கின்றது. பத்தாம் கிழமை நிறை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்படும்.